சாமான் அறைச் சாவி

அந்தச் சபையில் திருவிருந்துக்கு இரண்டு பாத்திரங்கள் உண்டு. முன்பக்கத்து இருபது பெஞ்சுகளுக்கு வெள்ளிக் கிண்ணம். பின்னால் கதவோரம் கிடக்கும் நாலு பெஞ்சுகளுக்கு எவர்சில்வர் டம்ளர். வெள்ளிக் கிண்ணத்தில் குடிப்பவர்கள் பலிபீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதியில் வந்து முழங்கால் போடுவார்கள். டம்ளர்காரர்கள் தங்கள் பெஞ்சிலேயே எழுந்து நிற்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு போதகர் நடந்து வந்து கொடுப்பார். இதை யார் ஏற்படுத்தினார்கள் என்று கேட்டால், "முன்னாடியிருந்தே அப்படித்தான்" என்பார்கள்.

பின்பெஞ்சுக்காரர்கள் அத்தனை பேரும் குவாரி ஜனங்கள். மூன்று தலைமுறைக்கு முன்னால் பாறை உடைக்கக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள். ஊர்க்காரர்களைவிட நல்ல கறுப்பு. பேச்சில் ஒவ்வொரு வார்த்தையின் முடிவிலும் ஓர் இழுப்பு இருக்கும். இங்கேயே பிறந்து இங்கேயே செத்தாலும் 'வந்தவங்க' என்ற பேர் மட்டும் போகவில்லை. முதுகுக்குப் பின்னால் அவர்களுக்கு 'கரிச்சட்டி' என்று பேர். பல சமயம் முகத்துக்கு நேராகவும்.

போதகர் அந்தச் சபைக்கு வந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. வந்த மாதமே அந்த டம்ளரைப் பார்த்து அவருக்கு முகம் சுண்டிப்போனது. கமிட்டியில் பேசியே தீர வேண்டும் என்று நினைத்தார். கொஞ்சம் வேர் பிடித்த பிறகு பேசலாம் என்று தள்ளிப்போட்டார். அப்புறம் பழகிவிட்டது. கெட்ட மனுஷர் இல்லை. சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போவார், காய்ச்சல்காரர் தலைமாட்டில் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். ஆனால் எதிரே ஒருவர் குரலை உயர்த்தினால் சொல்ல வந்ததை விட்டுவிடுவார். சபைச் செயலாளர் மரக்கடைக்காரருக்கோ சாதாரணப் பேச்சே உயர்ந்த குரல்தான். போதகரின் மனைவிக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன் வேறு. கோயிலில் போதகரை 'ஐயா' என்பார், வீட்டில் 'மாப்பிள' என்பார். எங்கே எப்படிக் கூப்பிட்டாலும் பேசுவது மச்சானாகவும் தலையாட்டுவது போதகராகவும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டம்ளரில் திராட்சரசம் போதவில்லை. ஊற்றிய ஆள் கை இறுக்கிக் கொஞ்சமாக ஊற்றியிருந்தான். மூன்றாவது பெஞ்சு முடியும்போதே டம்ளர் வறண்டுவிட்டது. மீதி ஒரு பெஞ்சு ஆட்கள் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டுப் போதகர் பலிபீடத்துக்குத் திரும்பினார். ரசக் குப்பியும் காலி. வெள்ளிக் கிண்ணத்தில் மட்டும் பாதி மிச்சம் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் நடுவழியில் நடந்து வந்தாள். குவாரியில் கிரேன் ஓட்டுகிறவள். ஊரே அவளைக் கிரேன்காரி என்றுதான் சொல்லும். முப்பத்துநாலு வயது. அவள் புருஷன் பாறையில் துளை போடும் டிரில்லுக்காரன். அவன் பெஞ்சிலிருந்து பாதி எழுந்து, "ஏய், எங்க போற?" என்று அடிக்குரலில் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. அவள் நிற்கவில்லை. கிராதியில் முழங்கால் போட்டு முகத்தை நிமிர்த்தினாள். சண்டைக்கு வந்த முகம் இல்லை அது. வரிசையில் தன் முறை வந்தவளின் முகம்.

போதகர் கிண்ணத்தை அவள் வாயில் வைத்தார். "உனக்காகச் சிந்தப்பட்ட இரத்தம்" என்றார். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தையை அவர் தடுமாறாமல் சொன்னார்.

பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. முன்வரிசையில் மரக்கடைக்காரர் கைக்குட்டையை எடுத்துத் தன் உதட்டை அழுத்தித் துடைத்தார். ஆராதனை முடிந்ததும் போதகரின் கையைக் குலுக்காமலே வெளியே போனார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் போதகர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"மாப்பிள, சாமான் ரூம் சாவிய குடுங்க."

"எதுக்கு மச்சான்?"

"பந்தக் கம்பு கொஞ்சம் வேணும். கடை முன்னாடி நிழலுக்குப் போடணும்."

வெளியே தூறிக்கொண்டிருந்தது. வெயில் முகம் காட்டி நாலு நாளாயிற்று. போதகர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் சபையின் ஆண்கள் நின்றிருந்தார்கள். காலையில் பாட்டுப் புத்தகம் பிடித்திருந்தவர்கள், காணிக்கைத் தட்டு எடுத்தவர்கள், ரசம் ஊற்றியவன். 

"நிழலுக்கா?" என்றார் போதகர்.

"நிழலுக்குத்தான்." மச்சான் கையை நீட்டியபடியே நின்றார். "காலையில நீங்க பண்ணின காரியத்துக்கு உங்கள யாரும் ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு. சாவிய குடுத்துட்டுப் படுங்க."

போதகர் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். அவர் மனைவி எதிர்ச்சாரியில் இருந்த ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ், பகல் டியூட்டிக்குப் போயிருந்தாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அவர் கட்டிலில் படுத்துப் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டார். தூக்கம் வந்ததுதான் கொடுமை.

குவாரி ஆட்களின் வீடுகள் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட நாற்பது வீடுகள். இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு வண்டி போகும் அகலத்துக்கு மண்பாதை. அதன் கடைசியில் கல்லுத்தூசி படிந்த ஷெட். கிரேன்காரி வாசல்படியில் உட்கார்ந்து புருஷனின் வேலைச் சட்டையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் குந்தவைத்துத் தேய்ந்துபோன டிரில் முனைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அந்த ரசம் எப்படி இருந்துச்சு? நம்ம டம்ளர்ல தண்ணி கலந்துதான தருவாங்க" என்று அவன் கேட்டான்.

"அதுலயும் தண்ணிதான். அவங்களயும் ஏமாத்திட்டுத்தான் இருக்காங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடியவில்லை, பாதையின் தலைப்பில் முதல் கூரை ஓடு உடையும் சத்தம் கேட்டது.

முப்பது பேர் வந்தார்கள். ஆளுக்கொரு கம்பு. ஆளுயரத்துக்கு மேல் நீளம், மணிக்கட்டுத் தடிமன், நுனியில் இரும்புப் பூண். வருஷாந்தரக் கூட்டத்துக்குப் பந்தல் போடும் கம்புகள். பேச்சே இல்லாமல் வேலையை ஆரம்பித்தார்கள். முதல் வீட்டு வாசலில் நின்ற கிழவரின் முழங்காலில் ஓர் அடி. அவர் விழுந்ததும் முதுகில் இரண்டு அடி. ஜன்னல், பானை, சைக்கிள், தண்ணீர்த் தொட்டி என்று கைக்கு எட்டியதையெல்லாம் நொறுக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தன் மண்ணெண்ணெய் டப்பாவைக் கூரைமேல் வீசினான், பின்னால் வந்தவன் கொளுத்தினான். தூறலில் தீ முதலில் புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பின்சுவர் ஏறிக் குதித்தார்கள்.

"கிண்ணத்துல குடிச்சவ எங்கடி?"

டிரில்லுக்காரன் எழுந்து பெண்டாட்டியை உள்ளே தள்ளிவிட்டு வாசலை மறித்து நின்றான். கையில் ஒரு டிரில் முனை இருந்தது. "அவ இல்ல, போயிருங்க" என்றான். முதல் கம்பு அவன் கையில் விழுந்தது, இரும்பு முனை தெறித்து ஓடியது. இரண்டாவது கம்பு தோளில். அவன் தலையைக் குனிந்து முன்னால் பாய்ந்து ஒருத்தனின் இடுப்பைப் பிடித்தான். பிடித்த பிடியை விடவே இல்லை. நாலு பேர் சுற்றி நின்று அவன் தலையில் அடித்தார்கள். கூலிக்கு நெல் அடிக்கிறவர்கள் போல மாறி மாறி, ஒருவர் கம்பு ஒருவர்மேல் படாமல் அடித்தார்கள். ஏழாவது அடியிலோ எட்டாவது அடியிலோ ஒரு கம்பு நீளவாக்கில் பிளந்தது.

கிரேன்காரி உள்ளேயிருந்து கடப்பாரையோடு வந்தாள். புருஷன்மேல் குனிந்திருந்தவனின் முழங்கால் சில்லில் இறக்கினாள். அவன் அலறிக்கொண்டு சாய்ந்தான். அடுத்த வீச்சுக்கு ஓங்குவதற்குள் பின்னாலிருந்து யாரோ அவள் முடியைப் பிடித்து இழுத்தார்கள். இரண்டு பேர் கைகளை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள்.

மரக்கடைக்காரர் முன்னால் வந்தார். "இந்த வாய்தான?" என்று கேட்டார்.

கம்பைக் கிடையாகப் பிடித்துப் பூணால் அவள் வாயில் இடித்தார். இரண்டு தடவை. முதல் இடியில் பற்கள் போயின, இரண்டாவதில் தாடை போனது.

பிடித்திருந்தவர்கள் அவள் செத்துவிட்டாள் என்று நினைத்துக் கையை விட்டார்கள். அவள் விழவில்லை. சுவரோடு சுவராகச் சாய்ந்து, வீட்டுக்குள் புகுந்து பின்வாசல் வழியாக வெளியேறி ஓடினாள். ஷெட்டில் குவாரியின் நாலு சக்கரக் கிரேன் நின்றது. அவள் கையாலேயே முந்தின நாள் மாலை நிறுத்திய வண்டி. ஏறி உட்கார்ந்து இன்ஜினை உறும விட்டாள். வாயிலிருந்து ரத்தம் சட்டை முழுக்க வழிந்து ஸ்டியரிங்கில் வழுக்கியது.

கிரேன் பாதைக்குள் நுழைந்தபோது அடிக்க வந்தவர்கள் ஒரு கணம் என்னவென்று புரியாமல் நின்றார்கள். பாதையின் அகலமும் வண்டியின் அகலமும் ஏறக்குறைய ஒன்று. கிரேனின் நீட்டிய இரும்புக் கையின் முனையில் அரை மனுஷன் எடையுள்ள கொக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அவள் வேகமாக ஓட்டவில்லை. தன் ஜனங்களில் யாராவது தரையில் கிடக்கிறார்களா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினாள். கொக்கி ஒருத்தனின் தோளைத் தட்டியது, அவன் சுற்றி விழுந்தான். விழுந்தவனின் பாதத்தில் முன்சக்கரம் ஏறியது. அவன் போட்ட கூச்சலில் மற்றவர்கள் கம்போடு ஓட்டம் பிடித்தார்கள். பாதையின் தலைப்பு வரை துரத்திவிட்டு, வண்டியைக் குறுக்கே நிறுத்தி, ஸ்டியரிங்கிலேயே முகம் கவிழ்ந்தாள். அன்றைக்கு அந்த இடத்தில் இன்னும் பத்துப் பேர் சாகாமல் இருந்ததற்கு அந்த வண்டிதான் காரணம்.

ஆஸ்பத்திரிக்கு இருபத்திரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். கட்டில் போதாமல் தரையில் கிடத்தினார்கள். போதகரின் மனைவி மாலை முழுக்க நின்ற நிலையில் காயம் கழுவினாள். டிரில்லுக்காரனின் தலையைக் கழுவும்போது எலும்புக்குப் பக்கத்தில் ஒரு மரச் சிராய் இடுக்கியில் அகப்பட்டது. விரல் நீளம். அதில் ஒரு பக்கம் நீலப் பெயின்ட்.

அவளுக்குக் கை நின்றுவிட்டது. போன வருஷம் பந்தல் போடுகிறவர்களுக்கு வரிசை தெரிய வேண்டும் என்று மாதர் சங்கப் பெண்களை உட்கார்த்தி ஒவ்வொரு கம்பிலும் சிலுவையும் எண்ணும் எழுத வைத்தவள் அவள்தான். நீலம் அவள் வாங்கி வந்த நீலம்.

டிரில்லுக்காரன் மறுநாள் விடிந்ததும் இறந்துபோனான். அவள் வீட்டுக்கு வந்து, சிராயை மேசைமேல் வைத்தாள்.

"சாமான் ரூம் சாவிய யாரு குடுத்தா?"

போதகர் சுவரிலிருந்த சாவி ஆணியைப் பார்த்தார்.

"உங்களத்தான் கேக்கறேன். யாரு குடுத்தா?"

"நிழலுக்குன்னு சொன்னாங்க" என்றார்.

"மழையில நிழலா?"

அவர் பதில் சொல்வதற்குள் மரக்கடைக்காரர் கமிட்டி ஆட்கள் மூன்று பேரோடு உள்ளே வந்தார். கையில் ஒரு தாள். சாமான் அறைப் பூட்டு உடைக்கப்பட்டுக் கம்புகள் திருட்டுப் போயின, திருடியவர் யாரென்று தெரியாது, குவாரிப் பெண் கிரேனால் ஆட்களை நசுக்கப் பார்த்ததில்தான் கலவரம் தொடங்கியது என்று அதில் எழுதியிருந்தது. போதகர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். கிரேன்காரியின் மேல் கொலை முயற்சி வழக்குப் பதிவாகி, அவளை ஆஸ்பத்திரிக் கட்டிலோடு விலங்கு போட்டாகிவிட்டது என்றும் மச்சான் சொன்னார்.

"போடாதீங்க" என்றாள் அவள்.

"நீ உள்ள போ. இது ஆம்பளைங்க பேச்சு."

"அண்ணே, அந்த மனுஷன் தலையிலேருந்து இத நான் எடுத்தேன். என் கையால எடுத்தேன். நீயும் அங்க இருந்தியா?"

மரக்கடைக்காரர் அவளை அறைந்தார். அவள் சுவரில் போய் மோதினாள். காதிலிருந்து ரத்தம் இறங்கியது. போதகர் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்தாரே தவிர, ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. "மச்சான்..." என்று ஏதோ சொல்ல வந்தார். மச்சான் திரும்பிப் பார்த்ததும் அதையும் விழுங்கிவிட்டார்.

அவள் அவரைப் பார்த்தாள். அண்ணனை இல்லை, அவரை. பிறகு காதைத் துணியால் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனாள். அன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

போதகர் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. உடம்பு சரியில்லை, பிறகு பார்க்கலாம் என்றார். அது துணிச்சல் இல்லை, பழைய தள்ளிப்போடல்தான். செவ்வாய்க்கிழமை டிரில்லுக்காரனைக் குவாரி ஜனங்களே ஜெபம் சொல்லிப் பாறைச்சரிவில் புதைத்தார்கள். கோயில் கேட்டைக் கமிட்டி பூட்டி வைத்திருந்தது. சவப்பெட்டி ரோட்டில் போனபோது போதகர் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார். புதன்கிழமை பேராயரிடமிருந்து கடிதம் வந்தது. நடந்த சம்பவம் வருத்தத்துக்குரியது, இரு தரப்பும் அமைதி காக்க வேண்டும், ஒப்புரவாக்குதலின் ஊழியம் நம்முடையது, பத்திரிகைக்காரர்களிடம் யாரும் பேச வேண்டாம். இரு தரப்பு என்ற இடத்தை அவர் மூன்று தடவை படித்தார்.

வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனார். வாசலில் மனைவியைப் பார்த்தார். அவள் வார்டைக் கைகாட்டினாள்.

கிரேன்காரியின் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். முகம் ஊதி ஒரு கண் மூடியிருந்தது. இடது மணிக்கட்டில் விலங்கு. போதகர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். தான் சாவி கொடுத்தது, கேட்டருகே யார் யார் நின்றார்கள் என்பது, படுத்துத் தூங்கியது, எல்லாம். சொல்லிவிட்டு அழுதார். "என்னை மன்னிச்சிரும்மா" என்றார்.

அவள் வலது கையை நீட்டினாள். தலைமாட்டில் தொங்கிய மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். எழுத்து பெரிது பெரிதாக வந்தது.

'என்கிட்ட ஏன் சொல்றீங்க. சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுங்க.'

கொஞ்ச நேரம் கழித்துக் கீழே இன்னொரு வரி எழுதினாள்.

'அழறதுக்கு வேற இடம் பாருங்க. எனக்கு வலிக்குது.'

அங்கிருந்து அவர் நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார். இன்ஸ்பெக்டர் முழுக்கக் கேட்டார். எழுதவில்லை.

"ஐயா, யோசிச்சுப் பேசுங்க. இத நான் எழுதினா சாவி குடுத்த கையும் கேஸ்ல வரும்."

"வரட்டும்."

"வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க. ஞாயித்துக்கிழம பிரசங்கம் இருக்குமே" என்று இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

வெள்ளிக்கிழமையும் போனார், சனிக்கிழமையும் போனார். இரண்டு நாளும் பெஞ்சில் உட்காரவைத்து அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. பின்பெஞ்சு நாலும் காலி. அழுக்கில்லாமல் கழுவிவிட்டதாக நினைத்து அடித்தவர்கள் சாமான் அறையில் திரும்ப அடுக்கியிருந்த கம்புகளிலிருந்து, பிளந்திருந்த அந்த ஒன்றைப் போதகர் எடுத்து வந்து பலிபீட மேசைமேல் கிடத்தினார். பிளவுக்குள் முடி இருந்தது. முன்வரிசைப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கூட்டம் நெரிந்தால் முற்றத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று அன்றும் வழக்கம் போலக் கோபுரத்து ஒலிபெருக்கியைப் போட்டிருந்தார்கள். அவர் மைக்குக்கு முன்னால் வந்தார்.

"இந்தக் கம்பு இருந்த ரூம் சாவிய குடுத்தது நான்" என்றார். "எதுக்குன்னு எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துக்கிட்டேன். வாசக் கேட்டுக்கிட்ட யாரெல்லாம் நின்னாங்கன்னும் எனக்குத் தெரியும்."

பெஞ்சு பெஞ்சாகப் பார்த்து ஒவ்வொருவர் பேராகச் சொன்னார். பத்தொன்பது பேர். தன் மச்சானை முதலில் சொன்னார்.

"நாம ஒரு மனுஷனக் கொன்னுருக்கோம். நம்ம பந்தல வச்சே கொன்னுருக்கோம். இன்னைக்குத் திருவிருந்து கிடையாது. ஸ்டேஷன்ல போய் உண்மையச் சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் எனக்கும் கிடையாது, உங்களுக்கும் கிடையாது."

யாரோ "எறக்குடா அவன" என்று கத்தினார்கள். மூன்று பேர் கிராதியைத் தாண்டிக் குதித்தார்கள். முதல் குத்து அவர் வாயில் விழுந்தது. அங்கியின் கழுத்தைப் பிடித்து இழுத்துப் படியில் தள்ளினார்கள். காலால் விலாவில் மிதித்தார்கள். அவர் எழ முயன்று கையை ஊன்றியபோது, மரக்கடைக்காரர் பித்தளை விளக்குத்தண்டால் அந்தக் கையை அடித்தார். விரல்கள் படியின் விளிம்பில் நசுங்கின.

"கரிச்சட்டிக்கு வெள்ளிக் கிண்ணத்த நீட்டினவன்தானடா நீ! ஆமா, அடிச்சோம். கொன்னோம். என்னடா இப்ப? அவனுக்குச் செஞ்சத உனக்கும் செய்யணுமா?"

மைக் கீழே விழுந்து உருண்டிருந்தது, ஆனால் ஓயவில்லை. கோபுரத்திலிருந்து அந்தக் குரல் ஊர் முழுக்கக் கேட்டது. கடைத்தெருவில் கேட்டது, காவல் நிலையத்தில் கேட்டது, பாறைச்சரிவில் புதுக்குழிக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்டது, எதிர்ச்சாரி வார்டில் கட்டிலோடு பூட்டப்பட்டிருந்தவளுக்கும் கேட்டது.

பாட்டுக் குழுவில் கனத்த குரலில் பாடும் தபால்காரர் முதலில் எழுந்தார். "வேணாம்டா, விடுங்கடா" என்று வந்து போதகர்மேல் குறுக்கே விழுந்து மறைத்தார். விளக்குத்தண்டின் அடுத்த அடி அவர் மண்டையைப் பிளந்தது. அதைப் பார்த்ததும் அவர் பெண்டாட்டி பெஞ்சின் மேல் ஏறி ஓடி வந்தாள். அப்புறம் இன்னும் சிலர். முன்பெஞ்சுக்காரர்களே முன்பெஞ்சுக்காரர்களைப் பிடித்து இழுத்தார்கள். பாட்டுப் புத்தகங்கள் பறந்தன, பெஞ்சு சாய்ந்தது, ஒருத்தன் ஜன்னல் கண்ணாடியோடு வெளியே விழுந்தான்.

போதகரின் மனைவி வெள்ளை யூனிஃபார்மோடு ரோட்டைக் கடந்து ஓடி வந்தாள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு புருஷனுக்கும் அண்ணனுக்கும் நடுவில் நின்றாள்.

"தள்ளிப் போ" என்று அண்ணன் தண்டை ஓங்கினார்.

"அடி" என்றாள். "அன்னைக்கு ஒரு காதுதான் போச்சு. இன்னொண்ணு இருக்கு."

அவர் ஓங்கிய கை ஒரு விநாடி தயங்கியது. அதற்குள் பெரிய கதவில் குவாரி ஆட்கள் வந்துவிட்டார்கள். கையில் குழிக்கு அடுக்கிய கல்லோடு வந்தவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்ததும் முன்வரிசை ஆண்கள் பக்கக் கதவுகள் வழியாகச் சிதறினார்கள். மரக்கடைக்காரர் மாட்டிக்கொண்டார். அவரை நடுவழியில் போட்டு மிதித்தார்கள். மூக்கு உடைந்தது. ஒருவன் கல்லை அவர் தலைக்கு நேராகத் தூக்கினான். செத்தவனின் கூடப்பிறந்த தம்பி அவன்.

போதகரின் மனைவி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"விடுங்க. எனக்கு அண்ணங்கறதுக்காகக் கேக்கல. இவன் உயிரோட கோர்ட்டுக்குப் போகணும். செத்துட்டா பாவம்னு சொல்லிருவாங்க."

அவன் மூச்சிரைக்க அவளையே பார்த்தான். வெகு நேரம் கழித்துக் கல்லைப் பெஞ்சின் மேல் வைத்தான். அவள் முதலில் தபால்காரரின் தலையைக் கட்டினாள், பிறகு புருஷனின் கையை. கடைசியில் அண்ணனின் மூக்குக்குப் பஞ்சு வைத்தாள்.  எல்லாம் முடிந்து குழாயடியில் கை கழுவும்போதுதான் உட்கார்ந்து கதறினாள்.

ஊரே கேட்டதை இன்ஸ்பெக்டரால் கேட்கவில்லை என்று சொல்ல முடியவில்லை. தலைநகரிலிருந்து வேறு அதிகாரிகள் வந்தார்கள். பதினேழு பேர் கைதானார்கள். பதினெட்டாவது ஆள் போதகர். உடந்தை என்று தன்மேலும் எழுதச் சொல்லி அவரே கேட்டார். பேராயர் அவரைப் பணிநீக்கம் செய்து இரண்டே வரியில் ஒரு கடிதம் அனுப்பினார். இரண்டு வருஷம் வழக்கு நடந்தது. மரக்கடைக்காரருக்கும் மூன்று பேருக்கும் ஆயுள் தண்டனை. மற்றவர்களில் பாதிப் பேர் சாட்சி போதாமல் வெளியே வந்துவிட்டார்கள். இன்றைக்கும் அதே கடைத்தெருவில் மீசையை முறுக்கிக்கொண்டு நடக்கிறார்கள். கிரேன்காரியின் மேல் போட்ட வழக்கு தள்ளுபடியாயிற்று. போதகருக்கு ஒன்றரை வருஷம்.

முன்பெஞ்சுக் குடும்பங்களில் முக்கால்வாசி வேறிடத்தில் புதுக் கோயில் கட்டிக்கொண்டு போய்விட்டன. பழைய கோயிலில் குவாரி ஜனங்களும், தபால்காரர் வீட்டாரைப் போலப் பதினொரு குடும்பங்களும்தான். யாரும் எங்கேயும் உட்காரலாம். ஆனாலும் பல மாதம் வரைக்கும் பழைய ஆட்கள் கால்போன போக்கில் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தார்கள், பிறகு நினைவு வந்து எழுந்தார்கள்.

விடுதலையான வாரம் போதகர் குவாரிப் பாதைக்குப் போனார். எரிந்த வீடுகளில் பாதி இன்னும் கூரை இல்லாமல் நின்றன. அரசாங்கம் தருகிறேன் என்றது வரவில்லை, அவர்களே வேலை முடிந்து வந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். கிரேன்காரி சாரத்தில் நின்று செங்கல் வாங்கிக்கொண்டிருந்தாள். தாடை ஒரு பக்கம் கோணலாகக் கூடியிருந்தது. பேச்சு குழறும், ஆனால் புரியும்.

"வந்துட்டீங்களா" என்றாள்.

"வந்துட்டேம்மா."

 அவள் இறங்கி வந்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு எங்கிட்டேருந்து வராது. அத எதிர்பார்த்து வந்துருந்தா இப்பவே திரும்பிப் போயிருங்க. எனக்கு அவரு இல்லாத வீடு. தினமும் போய்க் கதவத் தொறக்கறது நான்தான்."

"எதிர்பார்த்து வரல."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"என்ன வேல இருந்தாலும் செய்யறேன்."

அவள் அவருடைய வலது கையைப் பார்த்தாள். மூன்று விரல்கள் மடங்கவில்லை. "இத வச்சிக்கிட்டுச் செங்கல் தூக்க முடியாது" என்றாள். சுற்றும்முற்றும் பார்த்து, தண்ணீர்ப் பீப்பாயைக் காட்டினாள். "சொவத்துக்குத் தண்ணி ஊத்தணும். காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். விட்டா வெடிச்சிரும். எட்டு மணிக்கு வந்துருங்க."

அவர் மறுநாள் ஏழரைக்கே வந்து நின்றார். அவர் மனைவியும் டியூட்டிக்குப் போகிற வழியில் கூடவே வந்து, இடது கையால் வாளியை எப்படிப் பிடிப்பது என்று காட்டிவிட்டுப் போனாள். அவர் முதல் வீட்டின் ஈரமில்லாத சுவரிலிருந்து ஆரம்பித்தார். சாரத்தின் மேலேயிருந்து கிரேன்காரி ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"மூலைய விடாதீங்க" என்று கத்திவிட்டு அடுத்த செங்கல்லுக்குக் கையை நீட்டினாள்.